மிளகு போன பிறகு

லாயத்திலிருந்து புல் மெல்லும் சத்தம் வந்துகொண்டிருந்தது. டீச்சர் அதை முதலில் கவனிக்கவே இல்லை. பல வருடங்களாக அந்திக்கு அந்தி அதைக் கேட்டுப் பழகிய காது, கடிகாரச் சத்தத்தைப் போல அதையும் வீட்டோடு சேர்த்துக்கொண்டது. பால் பொங்கி வந்ததும் இறக்கி வைத்து, பிடிதுணியை ஆணியில் மாட்டும்போதுதான் உறைத்தது. லாயத்தில் குதிரை இல்லை. மத்தியானமே விற்று அனுப்பியாகிவிட்டது.

கைத்தடியை எடுத்துக்கொண்டு கொல்லைக் கதவைத் திறந்தாள். மெல்லும் சத்தம் நிற்கவில்லை. அவசரமில்லாமல், கன்னம் கன்னமாக மாற்றி, ரசித்துத் தின்னும் சத்தம். லாயத்தின் அரைக் கதவில் அவள் கை பட்டதும் சட்டென்று நின்றது, தன்னைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள் தலையைக் கண்டதும் வாயை மூடிக்கொள்வதுபோல.

உள்ளே வெறும் தரை. காலியான புல்தொட்டி. மிளகு என்ற அந்தக் குதிரையின் வாசனை மட்டும் இன்னும் போகவில்லை.

"அங்க என்னக்கா பண்ற? பனி விழுது, உள்ள வா" என்று தங்கை அடுக்களையிலிருந்து கூப்பிட்டாள்.

"உனக்கு ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

"என்ன சத்தம்? ஒண்ணுமில்லையே."

ஊரில் பாதிப் பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் சொல்லிக்கொடுத்தவள் என்பதால் பால்காரர்வரை எல்லோருக்கும் அவள் டீச்சர்தான். வாழ்நாளெல்லாம் குதிரை மேல் இருந்தவளைக் கடைசியில் கீழே தள்ளியது குளியலறை சோப்பு. இடுப்பெலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வீட்டையும் குதிரையையும் பார்த்துக்கொள்ள வந்தவள் இந்தத் தங்கை. குதிரை என்றாலே அவளுக்கு உதறல். வாளித் தண்ணீரைக்கூட ஒட்டடைக் குச்சியால் தள்ளித்தான் வைப்பாளாம். ஆனாலும் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து உட்காரும்போதெல்லாம் டீச்சர் கேட்கும் முதல் கேள்விக்கு அவளிடம் பதில் தயாராக இருக்கும்.

"மிளகு எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குக்கா. உன்னத்தான் தேடுது."

சாம்பல் உடம்பில் மிளகைக் கொட்டிவிட்டதுபோல் கரும்புள்ளிகள் இருந்ததால் அந்தப் பெயர். யார் வந்தாலும் முகத்தைக் கொண்டுபோய் அவர்கள் முகத்தோடு வைத்து மூச்சு விடும், கண்ணாடி போட்டவர்களானால் கண்ணாடி மூடுபனியாகிவிடும். இனி ஏறி உட்கார முடியாது என்று டாக்டர் சொன்ன பிறகும் அதை விற்பதாக டீச்சர் வாய்திறந்து சொன்னதில்லை. தங்கைதான் தினமும் அரித்தெடுத்தாள். நடக்கவே தடி வேணும், இதுல இது வேறயா? நல்ல இடமா வந்தா யோசிக்கலாமே? கடைசியில் ஒருநாள் அலுத்துப்போய் டீச்சர் தலையாட்டினாள்.

வந்தது நல்ல இடம்தான். ஒரு பல் டாக்டர், அவர் மனைவி, குதிரை குதிரை என்று உயிரை விடும் ஒரே மகள். குதிரையின் பல்லை டாக்டரே பார்த்துக்கொள்வார் என்று தங்கை சிரித்தாள். அவரோ குதிரையிடமிருந்து நாலடி தள்ளியே நின்றார். டாக்டரின் மனைவி வெள்ளை மனசுக்காரி. டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"போன மாசமே உங்க தங்கச்சி வாக்குக் குடுத்துட்டாங்க. அன்னையிலேர்ந்து எங்க பொண்ணு தூங்கவே இல்லங்க."

போன மாதம் டீச்சர் ஆஸ்பத்திரியில் இருந்தாள். தங்கையைப் பார்த்தாள். தங்கை பூந்தொட்டியைப் பார்த்தாள்.

அப்போதே முடியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தச் சிறுமி ஏற்கெனவே மிளகின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். குதிரையோ அதை ஏற்றிப்போக வந்த வண்டியில் ஏற மறுத்தது. சாய்வுப் பலகையில் முன்கால்களை ஊன்றிக்கொண்டு அசையவே இல்லை. டிரைவர் கம்பை எடுத்தார்.

"அடிக்காதீங்க. கயிற என்கிட்ட குடுங்க."

தடியை ஊன்றி, இடுப்பு வலிக்க வலிக்க, டீச்சரே முதலில் வண்டிக்குள் ஏறினாள். "வாடி. நான் இருக்கேன்ல" என்றாள். மிளகு உடனே பின்னால் வந்தது. அது உள்ளே வந்து நின்றதும், பக்கவாட்டில் ஆள் நுழையும் சின்னக் கதவு வழியாக அவள் நழுவி இறங்கினாள். டிரைவர் குறுக்குக் கம்பியைப் போட்டார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. உள்ளே அவளைத் தேடிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. பிறகுதான் கனைத்தது. தெருமுனை திரும்பும்வரை கனைத்தது.

தங்கை தோளில் கை வைத்தாள். டீச்சர் அந்தக் கையை எடுத்துவிட்டாள். தங்கை செய்ததை அவளால் மன்னிக்க முடியவில்லை. தான் செய்ததை நினைக்கவே முடியவில்லை.

மறுநாள் சாயங்காலம் மெல்லும் சத்தத்தோடு மூச்சுச் சத்தமும் சேர்ந்துகொண்டது. டீச்சர் லாயத்து வாசலில் நின்றபடியே டாக்டர் வீட்டுக்குப் போன் செய்தாள்.

"இதோ என் முன்னாடிதாங்க நிக்குது. இருங்க, போன அது பக்கத்துல வைக்கிறேன், பேசுங்க" என்றாள் டாக்டரின் மனைவி.

வலது காதில், போனுக்குள், மிளகின் மூச்சு. இடது காதில், காலி லாயத்தின் இருட்டுக்குள், அதே மூச்சு. இழுப்பதும் ஒன்றாக, விடுவதும் ஒன்றாக. அப்போது ஒரு சின்ன இருமல் கேட்டது. லாயத்தில் முதலில். போனில் பிறகு.

பயம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது அழுகை. தேடி வந்துவிட்டது என்று நினைத்தாள். இவ்வளவு செய்த பிறகும் அவளை விட்டு இருக்க முடியாமல் எப்படியோ வந்துவிட்டது. அன்றே புல்தொட்டியை நிரப்பினாள். காலையில் தொட்டி காலி. அதிலிருந்து தங்கைக்குத் தெரியாமல் தினமும் புல் வைத்தாள், வெல்லம் வைத்தாள். பொழுது சாயும் நேரத்தில் இருட்டுக்குள் கையை நீட்டினால் விரல்களின் கீழ் கழுத்து வந்து நிற்கும். உரோமம், அதன் கீழே துடிக்கும் நரம்பு. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. தெரிய வேண்டுமென்று அவள் கேட்கவும் இல்லை.

சில சின்ன விஷயங்கள் மட்டும் உறுத்தின. விளக்கோடு போனால் தொட்டி அப்படியே இருக்கும், இருட்டினால்தான் குறையும். வாசனை வேறாக இருந்தது, மழையில் ஊறிய இரும்பைப் போல. கழுத்திலிருந்து கையை முகத்துக்குக் கொண்டுபோனால் விலகிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும். கோபம் போலிருக்கிறது என்று டீச்சர் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள். கோபப்பட அதற்கு உரிமை இருக்கிறதே.

பிறகு டாக்டரின் மனைவியிடமிருந்து போன் வந்தது. குரல் கம்மியிருந்தது. "வந்ததுலேர்ந்து ஒரு வாய் திங்கலங்க. உங்கள பாத்தா திங்குமோ என்னமோ. ஒரு எட்டு வந்துட்டுப் போங்களேன்."

தங்கைதான் காரை ஓட்டினாள். டாக்டர் வீட்டில் ஒரு குறையும் இல்லை. விசாலமான புல்வெளி, புதுச் சுண்ணாம்பு மணக்கும் லாயம். அதன் நடுவில் தோல் போர்த்திய எலும்பாக மிளகு நின்றது. டீச்சர் கையை நீட்டினாள். அது முகரவில்லை. கண்கள் திறந்திருந்தன, பார்வை அவள் மேல் தங்காமல் வழுக்கியது. வெறும் வாயை மென்றுகொண்டிருந்தது. அவசரமில்லாமல். கன்னம் மாற்றி மாற்றி.

"மாட்டு டாக்டர் பாத்துட்டாரு டீச்சர், நோய் ஒண்ணும் இல்லையாம்" என்று சிறுமி விசும்பினாள். "செத்துப் போயிருமா?"

டீச்சருக்கு விளங்கிவிட்டது. இங்கே நிற்பது கூடு. உயிரை அங்கே கூப்பிட்டு வைத்துக்கொண்டு, ஆசை ஆசையாகத் தீனி போட்டுக்கொண்டிருப்பது அவள். அங்கே புல் குறையக் குறைய இங்கே உடம்பு வற்றுகிறது.

வீட்டுக்கு வந்ததும் லாயத்தின் கதவையும் தெருக் கேட்டையும் அகலத் திறந்து வைத்தாள். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது.

"போ. அங்க போ. அங்க உன் உடம்பு சாகுது" என்றாள்.

மூச்சு. அசைவில்லை.

"இங்க உனக்கு இடமில்ல. நீ எனக்கு வேண்டாம். போடி!"

ஒரு தடவை ஏமாற்றி அனுப்பியது போதாதென்று இன்னொரு தடவை. சொல்லி முடித்ததும் ஏதோ ஒன்று அவள் தோளை உரசிக்கொண்டு வெளியேறியது. சில்லென்று இருந்தது. குளம்புச் சத்தம் முற்றத்துக் கல்லில், பிறகு கேட்டருகில், பிறகு தார் ரோட்டில் தேய்ந்து மறைந்தது.

விளக்கு வைப்பதற்குள் போன் வந்துவிட்டது. சிறுமி கத்தினாள். "திங்குது டீச்சர்! வாளி முழுக்கத் தின்னுருச்சு!"

தங்கை அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "என்ன மன்னிச்சிருக்கா." இந்த முறை டீச்சர் கையை விலக்கவில்லை.

மறுவாரம் பார்க்க வரச் சொன்னார்கள். விடிந்து வெகுநேரமாகியும் அன்று பனி விலகவில்லை. வேலியோரம் டாக்டரின் மனைவி முகமெல்லாம் பல்லாக நின்றாள். புல்வெளியில் சிறுமியைச் சுமந்துகொண்டு மிளகு நடந்துகொண்டிருந்தது. விலா எலும்பு ஒன்றுகூடத் தெரியவில்லை. ஒரே வாரத்தில் இவ்வளவு சதை எப்படிப் போடும்?

"தங்கமான குதிரைங்க" என்றாள் டாக்டரின் மனைவி. "என்ன, இருட்டுனாதான் திங்குது. முகத்த மட்டும் யாரையும் தொட விடாது. அது அப்பலேர்ந்தே அப்படித்தானா?"

மிளகு அப்படி இல்லை. மிளகு ஒருநாளும் அப்படி இல்லை. அப்படி இருந்தது லாயத்து இருட்டில் நின்ற அது.

அது மிளகே இல்லை. மிளகு இங்கேதான் இருந்திருக்கிறது. இந்த உடம்புக்குள், வற்றிக்கொண்டு, அவள் வந்து கூட்டிப்போவாள் என்று. அவளுடைய ஏக்கத்தை மோப்பம் பிடித்து வந்த வேறெதற்கோ அவள் வெல்லம் கொடுத்து வளர்த்தாள். கழுத்தைத் தடவிக்கொடுத்தாள். கடைசியில் கேட்டைத் திறந்து, வழியும் சொல்லி அனுப்பினாள்.

இந்த வீட்டுக்கு. இந்தக் குழந்தையிடம்.

"பாப்பா, இறங்கு!"

சிறுமி சிரித்தபடி கையசைத்தாள். குதிரை நடையை மாற்றவில்லை. பனிக்குள் போய்க்கொண்டே இருந்தது.

"இறங்கும்மா! குதிச்சிரு!"

"ஏங்க கத்துறீங்க? எவ்வளவு அழகா போகுது பாருங்க" என்றாள் தாய்.

தடி நழுவி விழுந்தது. டீச்சர் வேலிக் கம்பியைப் பற்றிக்கொண்டாள். தூரத்தில் குதிரை நின்றது. சிறுமியின் சிரிப்பும் நின்றது. அவள் மெதுவாகக் குனிந்தாள். கன்னத்தைப் பிடரியில் பதித்து, அது சொல்வதைக் கேட்பவள்போல் அசையாமல் கிடந்தாள்.

பிறகு நிமிர்ந்தாள்.

தாய் கைதட்டினாள்.

சிறுமி டீச்சரைப் பார்த்தாள். நேராக அல்ல. முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு, குதிரை பார்ப்பதைப்போல, ஒற்றைக் கண்ணால், இமைக்காமல்.