வாசல் தாண்டினால் டீச்சர்

"சீப்பைக் குடுங்க அக்கா. என் பொண்ணுக்கு நானே பின்னிக்கறேன்."

சொன்னதோடு இளையவள் நிற்கவில்லை, மூத்தவள் கையிலிருந்த சீப்பை வாங்கிக்கொண்டாள். மரியாதைக்காக வாங்கிக்கொண்டாள் என்று சொல்கிறோம். பிடுங்கினாள் என்பதுதான் உண்மை. நாற்காலியில் உட்கார்ந்திருந்த நாலு வயதுப் பெண்ணின் தோளில் பாதி பின்னிய சடை அவிழ்ந்து விழுந்தது.

"என்னாச்சும்மா? இழுத்துட்டேனா? வலிச்சுதா அவளுக்கு?"

"அவளுக்கு வலிக்கறதைப் பத்தி நீங்க கேக்கறீங்களா அக்கா..."

இவர்கள் புருஷன்மார், அண்ணனும் தம்பியும், ஒரே சமயத்தில் ஷூ மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். வீட்டில் பெண்கள் குரல் உயரும்போதுதான் ஆண்களுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகும்.

மூத்தவள் அந்த வெளிநாட்டுக்கு வந்து ஒன்பது வருஷம். அதில் ஏழு வருஷமாகச் சின்னக் குழந்தைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கிற வேலை. ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு தேசம், வீட்டில் ஒவ்வொரு பாஷை. மூக்கைத் துடைத்துவிட்டு, லேஸ் கட்டிவிட்டு, சண்டையை விலக்கிவிட்டு, நடுவில் கிடைக்கிற நேரத்தில் இது ஜன்னல், இது கதவு என்று இங்கிலீஷில் சொல்லித்தர வேண்டும். பதினாலு பிள்ளைகளை அப்படி மேய்ப்பவளுக்குச் சொந்தமாக ஒன்று இல்லை. அந்தக் குறையை அவள் யாரிடமும் சொல்லி அழுததும் இல்லை.

ஆறு மாதத்துக்கு முன்னால் கொழுந்தன் பெண்டாட்டி பிள்ளையோடு வந்து சேர்ந்தான். ரெண்டாவது படுக்கையறை அவர்களுடையதாயிற்று. குழந்தைக்கு ஊரில் வாயாடி என்று பேர். தூக்கத்திலும் பேசும் என்று போனில் சொல்லிச் சிரிப்பார்கள். அப்படிப்பட்டது விமானத்தை விட்டு இறங்கியதும் வாயை மூடிக்கொண்டது. வீட்டில் பசி, தண்ணி என்று ரெண்டு வார்த்தை. வெளியே அதுவும் கிடையாது.

"நேத்து இவ ஸ்வெட்டரை மறந்துட்டாளேன்னு குடுக்க உங்க பள்ளிக்கூடத்துக்கு வந்தேன்" என்றாள் இளையவள். "கண்ணாடிக் கதவு வழியாப் பாத்தேன். இவ கீழ விழுந்து, முட்டியப் பிடிச்சுக்கிட்டு, உங்களப் பாத்து கையை நீட்டி அழறா. நீங்க எதிர்ல மண்டி போட்டு உக்காந்து பாத்துக்கிட்டே இருக்கீங்க. தொடக்கூட இல்ல. யாரோ எவரோ பெத்த பிள்ளை மாதிரி... அதுக்கு மேல பாக்க முடியாம திரும்பி வந்துட்டேன்."

"அது எங்க பள்ளிக்கூடத்து முறைம்மா. அங்க நான்..."

"என்ன பொல்லாத முறை? 'வாடி கண்ணு'ன்னு நம்ம பாஷையில ஒரு வார்த்தை சொன்னா உங்க கௌரவம் குறைஞ்சுடுமா? நீங்க பெத்திருந்தா கை தானாப் போயிருக்கும் அக்கா. பெத்தவளுக்குத்தான் தெரியும் அது."

மூத்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஒன்பது வருஷத்தில் ஊரார் எத்தனையோ பேர் ஜாடையாகச் சொன்னதுதான். சொந்த வீட்டுக்குள், கூடப் பிறந்தவள் போல நினைத்தவள் வாயிலிருந்து வந்தது இதுதான் முதல் தடவை.

"பத்தரை மணிக்கு வந்து உங்க பெரிய டீச்சரைப் பாக்கறேன். இவளை நிறுத்திடறேன்னு நேர்லயே சொல்லிடறேன். இந்த மாசத்துக்குள்ள வேற வீடும் பாத்துக்கறோம்."

பதில் சொல்ல மூத்தவளுக்கு எவ்வளவோ இருந்தது. இந்தப் பள்ளிக்கு முன்னால் ரெண்டு பள்ளிக்கூடத்தில், பேசாத பிள்ளை எங்களுக்கு வேண்டாம் என்று குழந்தையைத் திருப்பி அனுப்பினார்கள். 'அண்ணி, அவகிட்ட இடம் இல்லையாம்னு மட்டும் சொல்லுங்க. உண்மை தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவா' என்று கொழுந்தன் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டான். சரி என்றாள். பிறகு தன் பள்ளிப் பெரிய டீச்சரிடம் போய் நின்றாள். அவர் ரெண்டு நிபந்தனை போட்டார். பள்ளிக்குள் நீ இவளுக்குப் பெரியம்மா இல்லை, டீச்சர் மட்டும்தான். நீ தமிழ் பேசினால் அவள் அதையே பிடித்துக்கொண்டு இங்கிலீஷ் பக்கமே வரமாட்டாள், மற்ற குழந்தைகளும் ஏமாந்து போகும். இன்னொன்று, இவள் பேசுகிறவரை நீ இதே வகுப்பில் இருக்க வேண்டும். அந்த வருஷம்தான் மூத்தவளுக்குப் பெரிய பிள்ளைகளின் வகுப்பு கிடைப்பதாக இருந்தது. ஏழு வருஷமாகக் காத்திருந்தது. ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

இத்தனையும் தொண்டைவரை வந்தது. கொடுத்த வாக்கு குறுக்கே நின்றது. பையை எடுத்துக்கொண்டு தனியாகப் பள்ளிக்கு நடந்தாள்.

பத்தரைக்குப் பெரிய டீச்சர் அறையிலிருந்து ஆள் வந்தது. உள்ளே இளையவள் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்து முக்காலியில் வாயாடி.

"இந்த அம்மா சொல்வது எனக்குப் புரியவில்லை" என்றார் பெரிய டீச்சர் இங்கிலீஷில். "வீட்டுக்குப் போகணும் என்பது மட்டும் புரிகிறது. நீங்கள்தான் மொழிபெயர்க்க வேண்டும். இந்த அறைக்குள் மட்டும் உங்கள் பாஷை பேசலாம். ஒரு வார்த்தை விடாமல் சொல்லுங்கள்."

தன் மேல் வந்த புகாரைத் தானே எடுத்துச் சொல்ல வேண்டும். அந்தக் கட்டடத்தில் ரெண்டு பாஷையும் தெரிந்தவர் வேறு யாருமில்லை.

"சொல்லும்மா" என்றாள் இளையவளிடம்.

"இந்த டீச்சர் என் பிள்ளையை அழவிட்டு வேடிக்கை பாத்தாங்கன்னு சொல்லுங்க. மாத்தி கீத்தி சொல்லிடாதீங்க."

சொன்னாள். பெரிய டீச்சரின் பேனா நின்றது.

"அவங்களுக்குப் பிள்ளை இல்ல. அதான் பாசம் இல்லன்னு சொல்லுங்க."

மூத்தவள் பெரிய டீச்சர் பக்கம் திரும்பினாள். ஒரு வார்த்தை மாற்றியிருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? மாற்றவில்லை. "இந்த டீச்சருக்குக் குழந்தைகள் இல்லை, அதனால் அன்பும் இல்லை என்கிறார்" என்று இங்கிலீஷில் சொன்னாள். கடைசி ரெண்டு வார்த்தையில் குரல் உள்ளே போய்விட்டது.

பெரிய டீச்சர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். இளையவளைப் பார்த்து நிறுத்தி நிதானமாகப் பேச ஆரம்பித்தார். நாலைந்து நிமிஷம் பேசியிருப்பார். நடுவில் கையால் மூத்தவளைக் காட்டினார்.

"என்ன சொல்றாங்க?"

"பொண்ணு நல்லா வரா, நிறுத்த வேண்டாம்னு சொல்றாங்கம்மா."

"அவ்வளவு நேரம் பேசினாங்க... இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"இல்லம்மா" என்றது ஒரு சின்னக் குரல்.

மூன்று பேரும் திரும்பினார்கள். வாயாடி முக்காலியை விட்டு இறங்கி நின்றாள்.

"பெரிம்மா பாதிதான் சொன்னாங்க. பெரிய டீச்சர் நிறையச் சொன்னாங்க. பெரிம்மாவுக்குப் பெரிய கிளாஸ் குடுத்தாங்களாம். பெரிம்மா வேண்டாம்னுட்டாங்களாம். நான் பேசற வரைக்கும் என்கூடத்தான் இருப்பேன்னாங்களாம். ரெண்டு ஸ்கூல்ல என்னை வேண்டாம்னு சொன்னாங்களாம்மா. பெரிம்மாதான் இங்க கூட்டிட்டு வந்தாங்களாம்."

இளையவள் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆறு மாதமாக ரெண்டு வார்த்தைக்கு மேல் பேசாத பிள்ளை, மூச்சு வாங்க மேலே போய்க்கொண்டிருந்தது.

"நேத்து விழுந்தேன்ல? அப்ப 'ஹெல்ப் மீ'ன்னு சொன்னேன். உடனே பெரிம்மா தூக்கிக்கிட்டாங்க. மருந்து போட்டாங்க. அப்புறம் அவங்களே அழுதாங்க. ஏன்னு தெரியல."

மூத்தவளுக்குத் தெரியும். அதுதான் அந்தக் குழந்தை இங்கிலீஷில் பேசிய முதல் வார்த்தை. அதற்காகத்தான் அந்த அரை நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். அந்த அரை நிமிஷத்தை மட்டும் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு ஒருத்தி திரும்பிப் போயிருக்கிறாள்.

"அக்கா..." இளையவள் எழுந்து வந்தாள். "என் நாக்கு அழுகிப் போகணும் அக்கா. என்ன வார்த்தை சொல்லிட்டேன். அதையும் உங்க வாயாலயே சொல்ல வச்சுட்டேனே..."

"சீ, நல்ல வார்த்தை பேசு. வீட்டுல ஒருத்தி இப்பதான் வாயைத் திறந்திருக்கா."

"ஏன் அக்கா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"நீ தாங்க மாட்டேன்னு உன் வீட்டுக்காரர் பயந்தாரு. வாக்குக் குடுத்துட்டேன்."

"அவருக்கு இருக்கு சாயங்காலம்" என்றாள் அழுகைக்கு நடுவில். 

மூத்தவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்தது. "ஆனா ஒண்ணு சொல்றேன். பிள்ளை இல்லன்னு சொன்னியே, அது வலிச்சுதும்மா. வலிக்கலன்னு பொய் சொல்ல மாட்டேன்."

இளையவள் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்ததெல்லாம் மூத்தவளுக்கும் உடைந்தது. பெரிய டீச்சர் எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

மணி அடித்தது. இளையவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தாள். "நான் பின்னின லட்சணத்தைப் பாருங்க, ஒரு சடை காதுமேல ஏறி நிக்குது." கைப்பையைத் துழாவி, காலையில் பிடுங்கிய சீப்பை எடுத்து நீட்டினாள். "நீங்களே பின்னி விடுங்க அக்கா."

மூத்தவளின் கை தானாக நீண்டது. பாதியில் நின்றது. சீப்பை இளையவள் உள்ளங்கையிலேயே வைத்து மூடினாள்.

"இங்க நான் டீச்சர்மா. சாயங்காலம் வீட்டுக்கு வந்து பின்னி விடறேன். சீப்பைப் பத்திரமா வச்சிரு."

வாயாடி அதற்குள் கதவைத் திறந்துவிட்டாள். வாசலைத் தாண்டி நின்று, இவர்கள் பேசி முடிக்கமாட்டார்கள் போலிருக்கிறதே என்று பார்த்தாள்.

"கம், டீச்சர்" என்று கூப்பிட்டாள்.

மூத்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் பின்னால் வகுப்புக்குப் போனாள்.