எட்டாகிப் போன ஏழு

"என் வீட்டுக்குள்ளேயே ஒருத்தன் என் எண்ணைக் கெடுக்கறான், சார்" என்றார் ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியர். துப்பறிவாளரின் அலுவலகத்தில் உட்காரக்கூட அவருக்குப் பொறுமை இல்லை.

தினமும் எழுந்ததும் தன் அறைக் கரும்பலகையைத் துடைத்து, ஓர் எண்ணை மனப்பாடமாக எழுதுவாராம். இரண்டை முப்பத்தொரு தடவை போட்டுப் பெருக்கி, ஒன்றைக் கழித்தால் வருவது. ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் வகுபடாதது. குளித்துவிட்டு வந்து பார்த்தால் நடுவில் ஓர் ஏழு எட்டாகியிருக்குமாம்.

"எல்லாம் என் மச்சினன் வேலை. எனக்குப் பைத்தியப் பட்டம் கட்டி வீட்டை அமுக்கப் பார்க்கறான். இன்னிக்கே அவனை வெளியே அனுப்பணும்."

"கையும் களவுமா பிடிச்சிடலாம் சார்" என்று துள்ளினான் 'அவசரம்' என்று பட்டப்பெயர் வாங்கிய உதவியாளன். துப்பறிவாளர் அந்த எண்ணை ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னார். பேராசிரியர் தயங்காமல் எழுதினார்: 2147473647.

மூவரும் பேராசிரியர் வீட்டுக்குப் போனபோது கரும்பலகையில் இருந்தது 2147483647. எட்டைச் சுற்றி மட்டும் விரலால் அழித்த தடம். மச்சினன் அறை வாசலில் நின்றான்.

"அந்த நம்பரைச் சொல்லுங்க பார்ப்போம்" என்றார் துப்பறிவாளர்.

"ஏதோ இருநூறு கோடிச் சொச்சம். அதுக்கு மேல என் மண்டையில ஏறாது."

பேராசிரியரின் மனைவி காபி கொண்டுவந்தார். அவர் ஆள்காட்டி விரல் நுனி வெளுத்திருந்தது.

"அவசரம், தாள்ல இருக்கற இலக்கங்களைக் கூட்டு."

"நாப்பத்தஞ்சு." அவன் குரல் இறங்கியது. "அப்படின்னா இது ஒன்பதால வகுபடுமே சார்."

"பலகையில இருக்கறது?"

"நாப்பத்தாறு. மூணாலகூட வகுபடாது."

"வர்ற வழியில நானும் பெருக்கிப் பார்த்தேன். ஒண்ணைக் கழிச்சா பலகையில இருக்கறதுதான் வருது. கெடுக்கறவன் தினமும் சரியான எண்ணையா எழுதிவைப்பான்? இங்க யாரும் எதையும் கெடுக்கலை, ஐயா. திருத்தறாங்க. உங்க மச்சினருக்கு அந்த எண் தெரியாது. வருஷக்கணக்கா அதை உங்க வாயால கேட்டவங்க கையிலதான் சாக்பீஸ் தூள் ஒட்டியிருக்கு."

பேராசிரியர் தாளை வாங்கி விரல்விட்டுக் கூட்டினார். மறுபடியும் கூட்டினார். மூன்றாம் முறை பாதியிலேயே கணக்குத் தவறியது. இலக்கங்களைக் கூட்டி வகுபடுமா என்று பார்ப்பது, வகுப்பில் முதல் நாள் அவர் சொல்லித்தந்த பாடம். உதவியாளனுக்கு ஏன்தான் இங்கே வந்தோம் என்றிருந்தது.

"நீங்களே கண்டுபிடிச்சிடுவீங்கன்னுதான் முதல்ல தப்பை அப்படியே விட்டேன்" என்றார் மனைவி. "நாள் முழுக்க அதுக்குக் கீழேயே கணக்குப் போட்டீங்க. உங்க கண்ணுல படவே இல்லை."

"இது மட்டும்தானா? வேற என்னத்தையெல்லாம் திருத்திட்டு வர்றே?"

மனைவி தன் தம்பியைப் பார்த்தார். தம்பி தலையைக் குனிந்துகொண்டான்.

பேராசிரியர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்னைப் பார்த்துக்கத்தான் இவனை வரவழைச்சியா?" என்று கேட்டார்.