பாதியில் விட்ட வேலை

அந்த ஒரு போல்ட்டோடு அவள் முந்தின நாள் சாயங்காலம் முழுக்க மல்லுக்கட்டியிருந்தாள். சைலன்சரைத் தாங்கிப் பிடிக்கும் இரும்புப் பட்டையின் போல்ட் அது. துருவேறி, தலை மழுங்கி, எந்த ஸ்பேனருக்கும் பிடி கொடுக்காமல் வழுக்கிக்கொண்டே இருந்தது. கடைசியில் முழங்கையைச் சிராய்த்துக்கொண்டு, "நாசமாப் போ" என்று அதைத் திட்டி, வாங்கி வந்த புதுப் பட்டையை முன்சீட்டில் வீசிவிட்டு, ஷெட்டின் ஷட்டரை இழுத்துப் பூட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

காலையில் குனிந்து பார்த்தபோது புதுப் பட்டை அதன் இடத்தில் இருந்தது. கச்சிதமாக, இம்மி ஆட்டம் இல்லாமல். பழைய போல்ட்டை மட்டும் எங்கு தேடியும் காணவில்லை.

அவள் பிசியோதெரபிஸ்ட். பக்கவாதத்தில் படுத்தவர்கள், இடுப்பெலும்பு முறிந்தவர்கள் என்று நகரத்தின் நாலு மூலையிலும் வீடு வீடாகப் போய் கைகால்களை மடக்கி நீட்டிப் பழக்குகிறவள். கார் நின்றால் பிழைப்பு நின்றுவிடும். அந்தக் காருக்கோ இருபது வயது தாண்டிவிட்டது. மெக்கானிக்குகள் கையை விரித்த பிறகு வீடியோ பார்த்தும், லாரி ஓட்டும் கொழுந்தனிடம் போனில் கேட்டும் அவளே பழுது பார்க்கக் கற்றுக்கொண்டாள். கணவன் அந்தக் காருக்குக் 'கிழவி' என்று பெயர் வைத்திருந்தான்.

"என்னங்க, ராத்திரி ஷெட்டுக்குப் போனீங்களா?"

"நானா? எனக்கு ஸ்பேனருக்கும் ஸ்பூனுக்குமே வித்தியாசம் தெரியாது. உன் கிழவிகிட்ட எனக்கென்ன வேலை?" அச்சகத்தில் பிழை திருத்துகிறவன் அவன். ஒரு பல்பு மாட்டுவதற்குள் மூன்று பேரைக் கலந்து ஆலோசிக்கும் மனிதன்.

கொழுந்தனுக்குப் போன் செய்தாள். அவன் லோடு ஏற்றிக்கொண்டு எங்கோ தூரத்தில் இருந்தான். "நான் ஊர்லயே இல்லையே அண்ணி. நீங்களே மாட்டிட்டு மறந்திருப்பீங்க. தூக்கத்துல நடக்கிற வியாதி ஏதாவது வந்திருக்கப் போகுது" என்று சிரித்தான்.

அடுத்த வாரம் வாட்டர் பம்ப் ஒழுகத் தொடங்கியது. புதியதை வாங்கி வந்து, பேனட்டைத் திறந்து, இரண்டு போல்ட்டைக் கழற்றுவதற்குள் ஒரு நோயாளி வீட்டிலிருந்து அழைப்பு வர, அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். மறுநாள் ஷட்டரைத் தூக்கியபோது ஒரு வாசனை முகத்தில் மோதியது. பெட்ரோலும் கிரீஸும் கலந்த வழக்கமான நெடிக்கு அடியில், ஈரத்துணியை அடிப்பிடிக்க இஸ்திரி போட்டது போலவும் நகம் கருகினது போலவும் இன்னொன்று, தொண்டையில் போய் ஒட்டிக்கொள்ளும் வெதுவெதுப்போடு, யாரோ இப்போதுதான் மூச்சு விட்டுவிட்டு நகர்ந்தது மாதிரி நின்றிருந்தது. பம்ப் பெட்டி காலியாகக் கிடந்தது. சாவியைத் திருப்பினாள். கிழவி இத்தனை வருடத்தில் முதல்முறையாக இருமாமல் எழுந்தாள்.

பயந்திருக்க வேண்டும். பயந்தாள்தான். ஆனால் அன்று வண்டி ஓட்டிக்கொண்டு போகும்போது, முதுகுவலி இல்லாத, நகக்கண்ணில் கறுப்பு ஏறாத அந்தக் காலைநேரம் அவளுக்குப் பிடித்திருந்தது. தூங்கி எழும்போது வேலை முடிந்திருந்தால் யாருக்குத்தான் கசக்கும்? மூன்றாவது முறை என்ஜினில் ஓடும் பெல்ட் ஒன்றை வாங்கி சீட்டில் வைத்துவிட்டு, தன்னையே கேலி செய்துகொள்வது போலச் சிரித்து, "முடிஞ்சா போட்டுடு" என்று முணுமுணுத்தாள்.

போட்டிருந்தது.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஊர் திரும்பிய கொழுந்தன் சாப்பிட வந்தவன், பழக்கதோஷத்தில் பேனட்டைத் திறந்து டார்ச் அடித்தான். பேச்சும் கிண்டலுமாக இருந்தவன் தலையை உள்ளே விட்டுப் பம்பின் பின்புறத்தைப் பார்த்தான்.

"அண்ணி, இந்தப் பம்பை யார் மாட்டினது?"

"நான்தான்."

"பொய் சொல்லாதீங்க. இதுக்குப் பின்னாடி ஒரு போல்ட் இருக்கு. என்ஜினை இறக்காம அங்க எவன் கையும் போகாது. என்ஜினை இறக்கின அடையாளமே இல்ல." டார்ச்சை அணைத்தான். "உள்ளுக்குள்ள உக்காந்துக்கிட்டு மாட்டின மாதிரி இருக்கு."

சாப்பிடாமலே கிளம்பிவிட்டான். வாசலில் செருப்பை மாட்டும்போது, "வண்டியை வித்துடுங்க அண்ணி" என்று மட்டும் சொன்னான். முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து எந்த வேலையையும் அவள் மிச்சம் வைக்கவில்லை. தேய்ந்தது, தளர்ந்தது, கசிந்தது எல்லாவற்றையும் அன்றன்றைக்கே முடித்தாள். ஸ்பேனர்களைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிப் பூட்டினாள். ஷெட்டில் ஒரு திருகாணிக்குக்கூட வேலை இல்லை.

அதற்குப் பிறகுதான் அந்தச் சத்தம் தொடங்கியது. ஷெட்டுக்கும் சாப்பாட்டு அறைக்கும் ஒரே சுவர். விளக்கு வைக்கும் நேரம் தொடங்கி அந்தப் பக்கம் பெட்டிக்குள் இரும்பு உருளும், நிற்கும், மறுபடி உருளும். பிறகு சுவரில் மெல்ல ஒரு தட்டல், பழுதான இடத்தைத் தேடி மெக்கானிக் என்ஜினைத் தட்டிக் காது கொடுப்பது போல, சுவரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை, நிதானமாக, இடைவெளி விட்டு. கணவன் எலி என்றான்.

ஒருநாள் இரவுச் சாப்பாடு முடிந்து அவன் நாற்காலியிலிருந்து எழுந்தான். வலது முழங்கால் 'களுக்' என்றது. மாதக்கணக்காக அப்படித்தான்.

"ஊரார் காலையெல்லாம் சரிபண்றே. வீட்டுல இருக்கிற காலை எப்பதான் பார்ப்பே?"

"ஞாயித்துக்கிழமை பாக்கறேங்க. இப்ப முடியல, விடுங்க."

தட்டல் நின்றது.

பாதித் தட்டலில். சட்டென்று. சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ ஒன்று காதை ஒட்டி வைத்துக்கொண்டு நிற்பது போன்ற அமைதி. கையிலிருந்த தட்டோடு அவள் அப்படியே நின்றாள். தான் என்ன சொன்னோம் என்பது அப்போதுதான் உறைத்தது.

அன்று கணவனின் முழங்கால்மேல் கை வைத்தபடியே படுத்தாள். எப்போது கண் அசந்தாளோ தெரியாது.

விடிந்ததும் அவன் மொட்டைமாடிப் படியில் இரண்டிரண்டு படியாக இறங்கி வந்தான். முழங்காலில் சத்தமே இல்லை. "ராத்திரி தைலம் தேய்ச்சியா? வலி போன இடம் தெரியல. ஆனா இந்தக் கறைதான் சோப்புப் போட்டும் போகமாட்டேங்குது." கால்சட்டையைச் சுருட்டிக் காட்டினான். முழங்காலைச் சுற்றி கறுப்பாக ஒரு கையின் அச்சு. நடுவில் நான்கு விரல்கள். இந்தப் பக்கம் ஒரு கட்டைவிரல். அந்தப் பக்கமும் ஒரு கட்டைவிரல்.

"உங்களுக்கு வேற எங்கயாவது வலிக்குதா?"

"இல்லையே."

"யார் கேட்டாலும் இல்லன்னே சொல்லுங்க. எங்கயும் எதுவும் இல்லன்னு."

"யாருடி கேப்பாங்க?"

அவள் போனை எடுத்தாள். பழைய வண்டிகளை உடைக்கிறவனைக் கூப்பிட்டு, எந்த விலைக்கானாலும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். மறுநாள் காலை வருவதாகச் சொன்னான். ஷெட் சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். அன்று தவிர்க்க முடியாத ஒரு நோயாளி. அந்தக் காரில் உட்கார மனம் வராமல் பஸ்ஸில் போனாள். கணவனுக்கு விடுமுறை. வீட்டில்தான் இருந்தான்.

மதியத்திலேயே வானம் இருட்டிக்கொண்டு வந்தது. திரும்பும்போது நல்ல மழை. பஸ் கண்ணாடியில் நீர் வழிய, சக்கரங்கள் தேங்கிய தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஊர்ந்தன. போன் செய்தாள். நெடுநேரம் கழித்து எடுத்தான்.

"என்ன பண்றீங்க?"

"படுத்திருக்கேன். குனிஞ்சு பேப்பரை எடுத்தேன், முதுகு பிடிச்சுக்கிச்சு. பரவால்ல, அவர் பாத்துட்டிருக்கார்."

"யாரு?"

"நீ அனுப்பினவர்தானே? பேசவே மாட்டேங்கறார். ஆனா நல்ல கை." குரல் கொஞ்சம் தள்ளிப் போனது. பின்னால் இரும்பு உருண்டது. "ஆமாங்க, அங்கதான்."

"எழுந்து வெளிய ஓடுங்க! நான் யாரையும் அனுப்பல. கேக்குதா? என்னங்க!"

போன் அணைந்துவிட்டது.

பஸ்ஸை நிறுத்தச் சொல்லிக் கத்தினாள். இறங்கினாள். ஓடினாள். செருப்பு ஒன்று தண்ணீரோடு போனது. தெருமுனை. வீட்டு வாசல் திறந்திருந்தது. கட்டில் காலி. போர்வை மடித்து வைத்திருந்தது. கருகின நகத்தின் வாசனை. தரையில் சன்னமாக ஆயில் கோடு. படுக்கையறையிலிருந்து வாசலுக்கு. வாசலிலிருந்து ஷெட்டுக்கு.

சாவி அவள் பையில் இருந்தது. ஷட்டர் முழங்கால் உயரம் தூக்கியிருந்தது.

தவழ்ந்து உள்ளே போனாள். மங்கலான பல்பு வெளிச்சம். ஜாக்கியின்மேல் கார். அதன் அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன, சக்கரம் வைத்த பலகையின்மேல். வீட்டில் உடுத்தும் நீலக் கால்சட்டை. வெறும் பாதம்.

"என்னங்க!"

"வந்துட்டியா?" காருக்கு அடியிலிருந்து அவன் குரல். சாதாரணமாக. அரைத் தூக்கத்தில் பேசுவது போல. "பயப்படாதே. வலியே இல்ல."

"வெளிய வாங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

"இரு, முதுகு முடிஞ்சிடுச்சு. இன்னும் கொஞ்சம்தான்."

இரண்டு கணுக்காலையும் பிடித்தாள். மூச்சை இழுத்துக்கொண்டு, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து இழுத்தாள். பலகை வந்தது. அவள் நினைத்ததைவிட எளிதாக. மல்லாக்க விழுந்தாள். கால்கள் அவள் மடிமேல் விழுந்தன.

இடுப்புவரைதான் இருந்தன.

ரத்தம் இல்லை. பிரிந்த இடத்தைத் துணியால் சுத்தமாகத் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசி வைத்திருந்தது.

"மெதுவாடி," என்றது காருக்கு அடியிலிருந்து அவள் கணவனின் குரல். "அதைத்தான் அடுத்து மாட்டப்போறார்."

இருட்டுக்குள்ளிருந்து ஒரு கை நீண்டது. வாங்கிக்கொள்ள விரிந்து, அவசரப்படாமல், காத்திருந்தது.

அவள் பிடியில், அந்தக் கையை நோக்கி, கால்விரல்கள் ஒவ்வொன்றாக அசையத் தொடங்கின.