மூன்றாம் மாடிக் காற்று

காலை 6.50க்கு ஐந்தாம் படுக்கைப் பெண்ணின் மூச்சு நின்றது. வயது இருபத்தாறு. எலும்பு மஜ்ஜை மாற்றியபின், உடம்பில் எதிர்ப்புச் சக்தி துளியும் இல்லாதவர்களைப் பொத்திக் காக்கும் வார்டு அது. அவளைக் கொன்றது பழைய நோய் அல்ல, நுரையீரலில் வளர்ந்த பூஞ்சை. நான்கு மாதத்தில் அந்த வார்டில் அதே பூஞ்சையால் நேர்ந்த மூன்றாவது சாவு.

7.35க்கு அவளுடைய அண்ணன் கீழ்த்தளத்து ஸ்டோருக்குள் புகுந்தார். ஸ்டோர் கீப்பரின் சட்டையைப் பிடித்து அவரை இரும்பு அலமாரியில் மோதவிட்டார். நெற்றியில் நான்கு தையல். அண்ணன் வெளியாள் இல்லை. அதே மருத்துவமனையின் ஏசி மெக்கானிக். அவரை எல்லோரும் ‘காத்துக்காரர்’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

“கிருமி கொல்ற விளக்குன்னு போலியை வாங்கிக் குடுத்து என் தங்கச்சியைக் கொன்னுட்டான்,” என்று போலீசுக்கு எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருந்தார்.

மூன்றாம் நாள் காலை 9.10. விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர் ஐம்பது வயதுப் பெண்மணி. வீட்டில் சர்க்கரை டப்பாவைத் திறந்தால்கூட ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் காபியில் போடுவார். அப்படிப்பட்டவருக்கே ஸ்டோர் கீப்பரின் வாயிலிருந்து பதில் வாங்குவது கல்லில் நார் உரித்த கதைதான். பேனா ரீஃபிலைக்கூடப் பூட்டி வைப்பதால் அந்த மனிதருக்குப் ‘பூட்டு’ என்று பெயர். வாய்க்கும் அதே பூட்டு.

“விளக்கு எங்க வாங்கினீங்க?”

“எப்பவும் வாங்குற இடம்தான்.”

“போலியா?”

“இல்ல.”

“எப்படிச் சொல்றீங்க?”

பூட்டு நெற்றிக் கட்டைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “கத்தரிக்கா முத்தினா கடைத்தெருவுக்கு வந்துதான் ஆகணும். சோதிச்சுப் பாருங்க மேடம். ரெண்டு நாளா என் பொண்ணுகூட என் முகத்தைப் பார்த்துப் பேசல.”

9.50. மூன்றாம் மாடி இயந்திர அறை. வார்டுக்கான காற்று இங்கேதான் தயாராகிறது. சிறிய அறை அளவுக்கு ஒரு தகரப் பெட்டி. அதனுள் குளிர்ந்த நீர் ஓடும் செப்புக் குழாய்கள், அவற்றைச் சுற்றி நெருக்கமாக அலுமினியத் தகடுகள். அந்தத் தகடுகளில் எப்போதும் ஈரம். ஈரம் இருந்தால் பூஞ்சை வரும். அது வராமலிருக்கத் தகடுகளுக்கு எதிரே எட்டுப் புற ஊதா விளக்குகள் இரவும் பகலும் எரிந்தன.

காத்துக்காரர் முகச்சவரம் செய்து மூன்று நாளாகியிருந்தது. ஆனால் கருவிகள் வரிசை மாறாமல் அடுக்கியிருந்தன. கண்ணாடி போல் தெளிவான பிளாஸ்டிக் முகமறைப்பு ஒன்றை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார்.

“போட்டுக்குங்க மேடம். இல்லேன்னா சாயங்காலம் கண்ணுல மண்ணள்ளிப் போட்ட மாதிரி இருக்கும். இது நடுவில இருந்தா பயமில்ல, கதிர் தாண்டி வராது.”

அவரும் ஒன்றை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தார். திறந்ததும் விளக்கு அணைய வேண்டும். அதற்கொரு பொத்தான் உண்டு. எரியும்போதே பார்ப்பதற்காக அவர் அந்தப் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். தொழிலில் எல்லோரும் செய்கிற திருட்டு வேலைதான். உள்ளே நீலமாக எரிந்தது.

“நல்லாத்தானே எரியுது?”

“நீலம் சும்மா அடையாளம் மேடம். கிருமியைக் கொல்றது கண்ணுக்குத் தெரியாத கதிர். அதை அளக்குற மீட்டர் வேணும்னு எத்தனையோ தடவை எழுதிக் கேட்டேன், குடுக்கல. போன மாசம் லேசா ஒரு வாடை வந்துச்சு. எட்டையும் புதுசா மாத்தினேன். அப்பவும் வாடை போகல. புது விளக்கே வேலை செய்யலேன்னா அது போலிதானே?”

நியாயமான கேள்வி. தகடுகளின் இடுக்கில் இன்ஸ்பெக்டர் ஒரு பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்தார். குச்சி கறுப்பாக வந்தது. காத்துக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“சோதனைக்கு ஒரு விளக்கு வேணும்.”

அவர் மின்சாரத்தை நிறுத்தி, தெளிந்த பிளாஸ்டிக் குழாய் ஒன்றுக்குள் இருந்து விளக்கை உருவிக் கொடுத்தார்.

“இந்தக் குழாய் என்ன?”

“உறை மேடம். நானே அறுத்துப் போட்டது. போன வருஷம் ரெண்டாம் மாடியில ஒரு விளக்கு வெடிச்சு, கண்ணாடித் தூள் காத்தோட போயிடுச்சு. இங்க அப்படி ஆகக் கூடாதில்ல. வாரா வாரம் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கிறேன். என்னமோ லேசா மஞ்சளடிக்குது, அதுதான் போக மாட்டேங்குது.”

விளக்கு ஒரு கான்ஸ்டபிளோடு சோதனைக்கூடத்துக்குப் போனது. விளக்கின் கம்பியைச் சட்டத்தோடு கட்டியிருந்த வெள்ளை பிளாஸ்டிக் பட்டையை இன்ஸ்பெக்டர் விரலால் வளைத்துப் பார்த்தார். நன்றாக வளைந்தது.

“இதை எப்பக் கட்டினீங்க?”

“உறை போட்ட அன்னிக்கு. அஞ்சு மாசம் இருக்கும்.”

11.15. வார்டு வாசல். நோயாளிகளை வேறு மாடிக்கு மாற்றியாகிவிட்டது. தலைமை நர்ஸ் காலிப் படுக்கைகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். அழுது முடித்த முகம்.

“முதல் சாவு எப்ப?”

“நாலு மாசம் முன்ன.”

“அதுக்கு முன்ன?”

“ரெண்டு வருஷம் பூஞ்சையில ஒரு உயிர்கூடப் போகல. அதை நம்பித்தான் காத்துக்காரர் தங்கச்சியை இங்க சேர்த்தார். வேற இடத்துல சேர்க்கலாம்னு அவங்க அம்மா சொன்னாங்க. இவர்தான், ‘இங்க காத்தை நான் பார்த்துக்கிறேம்மா’ன்னார்.”

“அஞ்சு மாசம் முன்ன இங்க என்ன மாறிச்சு?”

நர்ஸ் யோசித்தார். “ஒண்ணுமே மாறல. அவரோட தங்கச்சி வந்தா. அவ்வளவுதான்.”

நடைபாதைக் கோடியில் ஒரு பெஞ்சில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தாள். மகளை அடக்கம் செய்ததிலிருந்து தினமும் வந்து உட்காருகிறாளாம். யார் செய்தது என்று ஒரு பெயர் தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இன்ஸ்பெக்டர் கடந்து போகும்போது அவள் அவரையே பார்த்தாள்.

12.30. இரண்டாம் மாடி இயந்திர அறை. இன்ஸ்பெக்டர் தனியாகத்தான் போனார். அதே பெட்டி, அதே எட்டு விளக்கு, உறை மட்டும் இல்லை. கதவைத் திறந்ததும் விளக்குகள் அணைந்தன. தகடுகளின் இடுக்கில் விட்ட பஞ்சுக் குச்சி வெள்ளையாகவே வந்தது. கம்பியைக் கட்டியிருந்த பிளாஸ்டிக் பட்டையைத் தொட்டார். அது ரஸ்க் போலப் பொடிந்து உள்ளங்கையில் விழுந்தது.

போனில் காத்துக்காரரைக் கேட்டார்: “ரெண்டாம் மாடிப் பட்டை எத்தனை நாள் பழசு?”

“ரெண்டு மாசம் தாண்டாது மேடம். கதிர் பட்டா பிளாஸ்டிக் நிக்காது. அடிக்கடி மாத்தணும்.”

இன்ஸ்பெக்டர் போனை வைத்துவிட்டு, அந்தப் பொடியை ஒரு காகிதத்தில் மடித்துப் பைக்குள் வைத்தார். இருபத்தெட்டு வருடச் சர்வீஸில், கண்டுபிடித்ததற்காக வருத்தப்பட்டது அன்றுதான்.

2.20. சோதனைக்கூடத்திலிருந்து செய்தி வந்தது. விளக்கு அசல். கதிர் முழு வலுவோடு இருக்கிறது.

3.00. மூன்றாம் மாடி இயந்திர அறை. காத்துக்காரர், பூட்டு, நர்ஸ் மூவரும் இருந்தார்கள். பூட்டு எட்ட நின்றார். ஒரு முறை பட்டது போதும் அவருக்கு.

“விளக்கு போலி இல்ல,” என்றார் இன்ஸ்பெக்டர். “இவர் மேல தப்பு இல்ல.”

“அப்ப சோதனையில காசு குடுத்திருக்கான்,” என்றார் காத்துக்காரர்.

“உங்க கையால உருவின விளக்கு. என் கான்ஸ்டபிள் கையில போச்சு. அசல்தான்.”

“அப்புறம் எப்படி மேடம் பூஞ்சை வரும்? அசல் விளக்கு, எட்டும் எரியுது, தூசி இல்ல. கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுல்ல பார்த்தேன்.”

“கதிர் தகட்டுல விழல. கீழ்மாடியில ரெண்டு மாசத்துப் பட்டை பொடிஞ்சு போச்சு. இங்க அஞ்சு மாசத்துப் பட்டை புதுசா இருக்கு. விளக்குலேர்ந்து கிளம்பின கதிர் அரை அடிகூட வரல. யாரோ நடுவில மறிச்சிருக்காங்க.”

“யாரு?”

இன்ஸ்பெக்டர் மேஜை மேலிருந்த முகமறைப்பை எடுத்தார். அவர் குரல் இறங்கிவிட்டது.

“இதை எதுக்குப் போடுறீங்க?”

“கதிர் தாண்டி வரக் கூடாதுன்னு.”

“எதால செஞ்சது?”

“பிளாஸ்டிக். தெளிவா இருந்தாலும் வெளிச்சம்தான் வரும், கதிர் வரா...”

பேச்சு அங்கேயே நின்றது. அவர் பெட்டியைப் பார்த்தார். ஒரு விளக்கை எடுத்துவிட்டதால் காலியாகக் கிடந்த அந்த மஞ்சள் பூத்த குழாயைப் பார்த்தார்.

“அந்த மஞ்சள் அழுக்கில்ல,” என்றார் இன்ஸ்பெக்டர். “கதிரையெல்லாம் குழாயே குடிச்சுடுச்சு. போன மாசம் புது விளக்கு மாத்தினப்பவும் அதே உறைக்குள்ளதான் விட்டீங்க. மூணு பேரோட சாவுக்கும் காரணம் அந்த உறை. போட்டது நீங்க. தெரிஞ்சு செய்யல. கேஸ்ல அதை எழுதுவேன். ஆனா போட்டது நீங்கதான்.”

பூட்டு தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஜெயித்த முகம் அவரிடம் இல்லை.

“விளக்கு வெடிச்சா தூள் அவ மூச்சுல போயிடும்னு,” என்றார் காத்துக்காரர். “அவளுக்குன்னுதான் மேடம். ரெண்டு நாள் உக்காந்து அறுத்தேன். ஓரம்கூடக் கீறாம தேச்சேன்.”

“தெரியும்.”

“அவளுக்கு முன்ன ரெண்டு பேர் போனாங்களே. அந்தச் சின்னப் பையன். அந்த டீச்சர்.”

“ஆமா.”

அவர் போய் மின்சாரத்தை நிறுத்தினார். ஒவ்வொரு விளக்காக உருவி, எட்டு உறைகளையும் தரையில் வரிசையாக வைத்தார். வேறு யாராவது செய்யட்டும் என்று நர்ஸ் சொன்னது அவர் காதில் விழவில்லை. முடித்ததும் பூட்டின் எதிரே போய்க் கைகூப்பினார். பூட்டு அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார்.

3.50. நடைபாதை. அம்மாவிடம் தானே சொல்லிவிடுவதாக இன்ஸ்பெக்டர் சொன்னார். “வேணாம் மேடம், நான் சொல்றேன்,” என்று காத்துக்காரர் பெஞ்சை நோக்கி நடந்தார். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“கண்டுபிடிச்சாச்சா?” என்று கேட்டாள்.

“ஆச்சும்மா.”

“யாரு?”

அவர் அம்மாவின் முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டார். அம்மா மடியில் கிடந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டே, சத்தம் போடாமல் சொன்னாள்.

“பேரு வேணாம் போ. எவனா இருந்தாலும் சரி, அவனைப் பெத்தவ வயிறும் என் வயிறு மாதிரி எரியட்டும்.”

“எரிஞ்சுக்கிட்டுதாம்மா இருக்கு,” என்றார் மகன்.

அம்மா மெதுவாகத் தலை நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.