நாலாவது டம்ளர்

"மாமி, எனக்க அண்ணனுக்கு நீங்களா போன் போட்டீங்க?"

அடுக்களை வாசலில் நின்று பின்சி கேட்டாள். செல்லபாய் திரும்பிப் பார்க்கவில்லை. உலை கொதித்துக்கொண்டிருந்தது. அரிசியை டம்ளரால் அளந்து முறத்தில் கொட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று... நாலாவதையும் கொட்டிய பிறகுதான் கை நின்றது.

வீட்டில் இப்போது மூன்று பேர்தான். அவள், கணவர் எலியா, மருமகள் பின்சி. மகன் ஜித்தினை எலிக்காய்ச்சல் கொண்டுபோய்ப் பதினொரு மாதம் ஆகிறது. மனசுக்குத் தெரிந்தது அந்தக் கைக்கு மட்டும் இன்னும் தெரியவில்லை. தினமும் நாலு பேருக்கே அளந்துவிடும். அளந்ததைத் திரும்ப அரிசிப் பெட்டியில் போட்டாலோ, 'உனக்குச் சோறு இல்லையடா' என்று பிள்ளையிடம் சொல்வதுபோல் இருக்கும். அதனால் அதை அப்படியே பிடியரிசிப் பானையில் போட்டு மூடிவிடுவாள். உலையில் அரிசி இடுமுன் சபைக்கென்று ஒரு பிடி ஒதுக்கிவைப்பது குன்னத்துகால் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளின் வழக்கம். சனிக்கிழமைதோறும் பெண்கள் சங்கத்திலிருந்து வந்து வாங்கிப்போவார்கள்.

இன்றும் பானையின் மூடியைத் திறந்தாள். பின்சிக்குப் பொறுக்கவில்லை.

"இன்னும் அந்தக் கர்த்தருக்குத்தானே அள்ளி அள்ளிக் குடுக்கீங்க! ஆறு நாளு ஆஸ்பத்திரி வராந்தாவில பச்சத்தண்ணி குடிக்காம முழங்காலில நிண்ணேன். சபை முழுக்க உபவாசம் கிடந்துது. கேட்டாரா அவரு? நீங்க என்னண்ணா, அடக்கம் செய்த அண்ணைக்குத் தொண்ட திறந்து பாட்டு பாடினீங்க... ஒரு சொட்டுக் கண்ணீரு விட்டீங்களா மாமி? மகன் போனான், இனி மருமகளும் போட்டும்... அப்பிடித்தானே!"

"அப்பிடியெல்லாம் இல்ல மக்கா... உனக்கு வயசு இருவத்தாறு. இந்தக் கெழடுகளுக்கக் கூட கிடந்து என்ன செய்யப் போறா? அண்ணன் நல்ல ஒரு கல்யாண ஆலோசனை பாத்து வச்சிருக்கான். போனாத்தான் உனக்கொரு வாழ்க்கை."

"என்னைய அடிச்சு வெளிய விடுகதுக்கு அதுவும் ஒரு பேரு!"

செல்லபாய் அரிசியைப் பானையில் போட்டு மூடினாள். அழுதால் இந்தப் பெண் போகமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும். போகாவிட்டால் இவள் வாழ்வும் ஜித்தினோடு சேர்த்துப் புதைந்துபோகும். கல்நெஞ்சக்காரி என்று சொல்லிவிட்டாவது போகட்டும்!

பின்சியின் அண்ணன் ஜெனிலின் கார் அம்பூரியிலிருந்து வந்து முற்றத்தில் நின்றது. எலியா பார்க்க மாட்டாமல் ரப்பர் தோட்டத்துக்குள் போய்விட்டார். பின்சி பையோடு படியிறங்கினாள். அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தாள் சங்கத்து ராஜபாய். நல்ல மனுஷிதான். ஆனால் எந்த வீட்டில் எது நடந்தாலும் அவள் நாக்குக்கு மட்டும் ஓய்வு கிடையாது.

"எக்கா, ஒங்க அரிசியச் சொமந்து எனக்க இடுப்பே போச்சு! எல்லா வீட்டிலயும் ஒரு பிடி, இங்க மட்டும் டம்ளரு டம்ளராயிட்டுல்லா கிடக்கு!"

பின்சி நின்றாள். "எப்ப மொதல் அக்கா?"

"ஜித்தின் போன பெறகாக்கும். அதுக்கு முன்ன எல்லாரையும் போல ஒரு பிடிதான் இருந்துது."

பின்சி பையைப் படியில் வைத்துவிட்டு அடுக்களைக்குள் வந்தாள்.

"என்ன மாமி இது?"

இனி மறைக்க முடியாது. செல்லபாய் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டாள்.

"நாலு பேருக்கு அளந்திருகேன் மக்கா... பெறகாக்கும் ஓர்மை வருது. அவனுக்க அரிசிய திருப்பிப் போட கை வரல்ல. அவன் இப்ப கர்த்தருக்கக் கிட்டல்லா இருக்கான்? அதுதான் அங்கேயே குடுத்தேன்."

பின்சி குனிந்து பானையைத் தொட்டுப் பார்த்தாள்.

"அண்ணைக்குப் பாடினது... பாட்ட நிறுத்தினா அவனுக்க பெட்டிமேலயே விழுந்திருவேண்ணு பயந்து பாடினேன் மக்கா. நானும் விழுந்தா உன்னைய யாரு பிடிப்பா?"

"உங்களுக்குக் கர்த்தருமேல கோவமே இல்லியா?"

"உண்டு. தெனமும் கேக்கேன், எதுக்கு எடுத்தீருண்ணு. இண்ணுவரை ஒரு வார்த்தை சொல்லல்ல. ஆனா எனக்க பிள்ளைய வச்சிருக்கது அவராக்கும். பிள்ளைய வச்சிருக்கவர்ட்ட எப்பிடி மக்கா பிணங்குவேன்?"

"மாமீ...!" என்று பின்சி கட்டிக்கொண்டாள். பதினொரு மாதமாக அடைத்து வைத்திருந்தது செல்லபாய்க்கு அப்போதுதான் உடைந்தது. வாய்விட்டு அழுதாள். சத்தம் கேட்டு எலியா ஓடிவந்தார். மனைவி அழுவதைப் பார்த்து, "அழட்டு... விடு மக்கா, நல்லா அழட்டு" என்றபடி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மோளே..." வாசலில் ஜெனில் தயங்கினான்.

"அண்ணே, நான் இப்ப வரல்ல. எனக்கொரு கல்யாணம் உண்டுண்ணா, பந்தல் இந்த முற்றத்திலயாக்கும். இவங்க எனக்கு அம்மையா நிண்ணு நடத்தணும். சம்மதமுள்ளவங்க இங்க வந்து கேக்கட்டு."

ஜெனில் கண்ணைத் துடைத்தான். "அப்பிடியே ஆயிக்கோட்டே மோளே."

பின்சி மாமியாரின் முகத்தைத் தன் ஷாலால் துடைத்தாள்.

"இனி நீங்க தனியா கேக்கண்டாம். நானும் கேக்கேன்."

ஜித்தினைப் புதைத்த நாளுக்குப் பிறகு அவள் ஜெபித்ததே இல்லை. அடுக்களைத் தரையில் முழங்காலிட்டாள். செல்லபாயும் பக்கத்தில் மெல்ல இறங்கி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆண்டவரே..." பின்சிக்கு அதற்குமேல் வரவில்லை.

"மனசில உள்ளதையே கேளு மக்கா."

"எதுக்கு அவர எடுத்தீரு?"

செல்லபாய் கண்ணை மூடி, "ஆமென்" என்றாள்.