ஒற்றை இழுப்பு

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. ஈரமான கதை ஒன்று சொல்கிறேன். பயம் வந்தால் என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வடக்கே, குளிர்நாட்டுத் துறைமுகமான பேர்கனின் கடற்படைத் தளத்தில் அன்று காலையும் மழை. சோதனைத் தொட்டியின் விளிம்பில் சிக்னே கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். அதன் மறுமுனை பத்து மீட்டர் ஆழத்தில், அவள் தம்பி ஐவின்டின் இடுப்பில். அவன் முதுகில் புதிய மூச்சுக்கருவி. விட்ட மூச்சையே சுத்தம் செய்து திருப்பித் தரும். எதிரி கண்ணில் பட ஒரு குமிழிகூட மேலே வராது. சுத்தம் செய்கிற சுண்ணாம்புக் குருணையை அடைத்தது சிக்னேதான். அடைப்பு தளர்ந்தால் மூச்சே விஷமாகும், இழுக்கிறவனுக்குத் தெரியாமலே.

இறங்குவதற்கு முன் அவன் கேட்டிருந்தான்: "இறுக்கமா அடைச்சியா அக்கா? நான் செத்தா வீட்டுல இருக்கிற பழுப்புச் சீஸை நீ ஒண்டியா தின்னுடுவே."

"வாயை மூடிக்கிட்டு எறங்குடா."

பதினோராவது நிமிடம். பம்பின் முனகலுக்கும் கூரைத் தகரத்து மழைக்கும் நடுவே, ரப்பரும் உப்பும் கலந்த வாடைக்குள், விளிம்பில் இருந்த கண்காணிப்புத் திரையில் அலைபோல ஏறி இறங்கிய அவன் மூச்சுக்கோடு மெல்ல, மிக மெல்லத் தட்டையாகிப் படுத்தது.

சிக்னே கயிற்றை ஒருமுறை இழுத்தாள். நலமா?

ஓர் இழுப்பு திரும்பி வந்தது. நலம்.

"வயர் போயிருக்கும்," என்றார் மேற்பார்வையாளர் ஹால்வார்ட், காபியை உறிஞ்சியபடி. "கயிறு பதில் சொல்லுதுல்ல? நிறுத்தாதே."

அவன் மார்பிலிருந்து திரைக்கு வரும் வயர் உப்புநீரில் அடிக்கடி கெடும். அதனால் அங்கே எல்லாரும் கயிற்றைத்தான் நம்புவார்கள். அவளும் நம்பினாள்.

இரண்டு நிமிடம் கழிந்தது. மறுபடி இழுத்துக் கேட்டாள். நலம்.

நான்கு நிமிடம். கேட்பதற்கு முன்பே வந்தது. நலம். நலம். நலம்.

"இது அவன் இழுக்கிற மாதிரி இல்ல, ஹால்வார்ட்."

"தம்பின்னதும் உனக்கு எல்லாமே..."

அவள் அதைக் கேட்கவில்லை. இரு கையாலும் இழுத்தாள். கயிறு கனமே இல்லாமல் வந்தது. அவள் போட்ட முடிச்சு அவிழவில்லை. வளையத்துக்குள் யாருமில்லை.

விளக்கைத் தண்ணீருக்குள் திருப்பினாள்.

தொட்டிக்குள் இறங்கும் ஏணியின் அடியில் ஐவின்ட் நின்றான். கருவி கழன்று தரையில் கிடந்தது. முகக்கண்ணாடிக்குள் நெற்றிவரை தண்ணீர். அதற்குள் திறந்த கண்கள். இமைக்கவில்லை.

"டேய்... ஐவின்ட்..."

அவன் அண்ணாந்தான். முதல் படியில் கால் வைத்தான். அடுத்த படி. அவசரமில்லாமல். மார்பு அசையாமல். அவளைப் பார்த்துச் சிரித்தபடி, அடுத்த படி.

என் செல்லங்களே, உங்கள் வீட்டு வாசலைத் தாண்டிப் போகிறவர்கள் எல்லாரும் அவர்களாகவே திரும்பி வரட்டும்.