பட்டாளத்துக் கோட்டு

'10-11-1963. இன்று ஒரு சிறு தவறு செய்தேன். வைக்கோல் உருவத்துக்கு அண்ணனின் கோட்டைப் போடாமல் என் சட்டையைப் போட்டுவிட்டேன்.'

நல்லுசாமி 'சிறு' என்பதை அடித்தான். யோசித்துவிட்டு மறுபடியும் எழுதினான். எழுதப் படிக்க மாலை வகுப்பில் சேர்ந்ததிலிருந்து அன்றன்று நடந்ததை அன்றன்றே எழுதிவிடுவது அவன் பழக்கம்.

அண்ணன் சேனாதிபதி சீனச் சண்டையில், எங்கோ பனிமலையில் செத்து ஒரு வருஷம் ஆகிறது. உடல் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காதவனுக்கு வைக்கோலில் ஆள் கட்டி, அவன் உடுத்திய துணியைப் போட்டுப் புதைப்பது அவர்கள் வழக்கம். கட்டியவன் நல்லுசாமி. மேலே கோடித்துணி போர்த்தியிருந்ததால் உள்ளே இருந்த சட்டையை யாரும் பார்க்கவில்லை. அந்த வைக்கோலைக்கூட அம்மா மடியில் கிடத்திக் கொஞ்சினாள். நல்லுசாமியை எப்போது கொஞ்சினாள்? "உங்கண்ணன் ஊதுனா அடுப்பு சிரிக்கும், நீ ஊதுனா பொகதான்லே" என்பாள். கோட்டையாவது நான் வைத்துக்கொள்கிறேனே என்றுதான் எடுத்தான்.

செண்பகனூர்ச் சரிவில் மூடுபனி ஏறி, ஜன்னல் கண்ணாடியில் நீராய் வழிந்து, ஓட்டு விளிம்பிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்த அந்தி வேளையில், குளிருக்காக அவன், அண்ணன் கடைசி லீவில் விட்டுப்போன அந்தக் கோட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். காலையில் விரல் நுனிவரை தொங்கிய கோட்டுக் கை, இப்போது மணிக்கட்டில் கச்சிதமாக நின்றது. அந்துருண்டை வாசனைக்கு அடியில் ஈரமண் வாசனை.

அம்மா காபியோடு வந்தாள். தோளைத் தடவினாள்.

"சேனா, நனைஞ்சுட்டியாய்யா?"

ஒரு நொடி இனித்தது. அம்மாவிடம் இப்படி ஒரு குரல் இருந்ததா? உடனே வயிறு எரிந்தது.

"அம்மா, நான் நல்லு."

அவன்தான் சொன்னான். குரல் அவனுடையது அல்ல, அண்ணனுடையது.

"வெளையாடாதய்யா. அவனத்தான் மத்தியானம் மண்ணுல வச்சுட்டு வந்தமே. பாவம், கடைசிவரைக்கும் உன்னையப் பாத்துப் பொருமியே போய்ட்டான்." காபியை மேசையில் வைத்தாள். "வெரசா படு. வெள்ளனே சோலி கெடக்கு."

கத்த வாயைத் திறந்தான். வாய் நிறைய மண். நெஞ்சில் பாரம். மேசை, விளக்கு, நோட்டு. எல்லாம் மேலே. வெகு தூரத்தில்.

கோட்டிலிருந்து ஒரு கை நீண்டது. நீலம் பாரித்த விரல்கள். பேனாவை எடுத்தது. நிதானமாக எழுதியது.

'நாளை காலை தம்பிக்குப் பால் ஊற்ற வேண்டும்.'